நலங்கு மஞ்சளும் கண்ணின் வெள்ளையும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மேசைக்கு இன்னும் சில நாளில் ஒரு டப்பா வரும். பச்சை மூடி, மேலே ஒரு இலைப் படம். கொண்டுவருபவர் நன்றாகச் சிரிப்பார். கல்லீரலைச் சுத்தம் செய்யும், கொழுப்பைக் கரைக்கும், பக்க விளைவே கிடையாது என்பார். கூடவே ஒரு தினசரி காலண்டரும் தருவார். காலண்டரை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. டப்பாவைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

நான் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் மருந்தகத்தில் எந்தச் சத்துப் பவுடரையும் கேப்சூலையும் விற்பனைக்கு வைக்கும் முன் மூன்று பேர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஒரு டாக்டர், தலைமை மருந்தாளுநர், நான். டாக்டர் எப்போதும் அவசரத்தில் இருப்பார். மருந்தாளுநர் எப்போதும் வடை தின்றுகொண்டிருப்பார். நான் எப்போதும் கோபத்தில் இருப்பேன். கம்பெனிக்காரர்கள் எங்கள் அறைக்குள் வரும்போதே வியர்த்துத்தான் வருவார்கள்.

மருந்தாளுநர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். கேட்கும்போது வடையைக் கீழே வைக்க மாட்டார்.

"சரி தம்பி. இது யாருக்கு ஒத்துக்கல?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல சார். எல்லாருக்கும் சூப்பர் ரிசல்ட்டு."

"அப்டீன்னா எடுத்துட்டுப் போயிடு. இட்லியே சில பேருக்கு ஒத்துக்க மாட்டேங்குது. ஒருத்தருக்குமே ஒத்துக்காம போவலன்னா, நீ ஒருத்தரையுமே கேக்கலன்னு அர்த்தம்."

வந்தவர் முகம் தொங்கிப்போகும். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வடைக்குப் போகத்தான் மனிதர் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார் என்று நானும் டாக்டரும் கேலி செய்வோம். அவர் மறுத்ததே இல்லை.

அந்த அறைக்கு ஒருநாள் மாலதி வந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் காலை நேர கிளப் நடத்துகிறவள். அங்கே போனால் சத்துப் பவுடரைப் பாலில் போட்டு ஷேக் என்று கலக்கிக் கொடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், குறைந்திருந்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். தன்னை 'ஹெல்த் கோச்' என்று அறிமுகம் செய்துகொண்டாள். கல்லீரலுக்கு ஒரு கேப்சூல், கொழுப்புக்கு ஒரு கேப்சூல் என்று இரண்டு டப்பா. பொய்க்காரி இல்லை, அதுதான் சங்கடம். தான் குண்டாக இருந்தபோது எடுத்த போட்டோவை எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தவரின் பாதிதான் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தது.

மருந்தாளுநர் தன் கேள்வியைக் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல சார். நானே தெனமும் போடறேன். எனக்கு எதுனா ஆயிருக்கா பாருங்க" என்றவள், அவருடைய தொந்தியைப் பார்த்து, "சாருக்கு ஒரு மாசத்துக்கு ஃப்ரீயா தரட்டுமா?" என்றாள்.

"வடையோட சேத்து போடலாமா?"

"வடைய வுடணும் சார்."

"அப்ப வேணாம்மா" என்று டப்பாக்களை அவள் பக்கம் நகர்த்தினார். நான் லேபிளைப் பார்த்தேன். ஏழெட்டு மூலிகைச் சாறுகளின் பெயர் இருந்தது, கிரீன் டீ சாறும் உண்டு. எது எவ்வளவு என்று இல்லை. எல்லாம் சேர்ந்து இவ்வளவு என்று மட்டும் இருந்தது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாலதி கோபித்துக்கொள்ளாமல் எங்கள் மூவருக்கும் காலண்டர் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடந்து சில வாரம் கழித்து என் தம்பி மகள் ரம்யாவுக்குக் கல்யாணம். காட்டுமன்னார்கோயிலில் தம்பிக்கு ரைஸ் மில் இருக்கிறது. மாப்பிள்ளை பிரகாஷ் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் எஞ்சினியர். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணுக்கு நலங்கு. நானும் என் வீட்டுக்காரரும் சிதம்பரம் வந்து, டவுன் பஸ் பிடித்து, நசுங்கிப்போய் இறங்கினோம்.

வாசலெல்லாம் பந்தல். பந்தல்காரர் மஞ்சள் துணியாகக் கட்டியிருந்தார், மங்களமாக இருக்கட்டும் என்று. ரம்யா மஞ்சள் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். சுமங்கலிகள் வரிசையில் நின்று அவள் கன்னத்திலும் கையிலும் மஞ்சளையும் சந்தனத்தையும் தாராளமாக அப்பிக்கொண்டிருந்தார்கள். சுவரும் தப்பவில்லை, வீடியோக்காரர் சட்டையும் தப்பவில்லை.

"பொண்ணு எப்டி ஜொலிக்குது பாருங்க. வெச்ச மஞ்ச அப்டியே ஒட்டிக்கிச்சு" என்று பக்கத்து வீட்டம்மா பூரித்துப்போனார்.

என் முறை வந்தது. கிண்ணத்தில் கைவிட்டுக் குனிந்தேன். ரம்யா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

என் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடம் வார்டில் கழித்தவளுக்கு அந்த நிறம் தெரியாமல் போகாது. ஆனால் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தால் அவர் கண்ணும் மஞ்சள். வீடியோக்காரர் கண்ணும் மஞ்சள். வாசலில் கட்டியிருந்த வெள்ளைக் கன்றுக்குட்டிகூட மஞ்சளாக நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பந்தல் துணி செய்த வேலை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூடியிருக்கும் சபையில் வாயைத் திறந்து 'காமாலை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அது பந்தல் துணியின் நிறம் என்று ஆகிவிட்டால், பிறகு என்னை அந்த ஊரில் பஸ் ஏற விடமாட்டார்கள். அதைவிட, அந்த வார்த்தை மாப்பிள்ளை வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. சொல்லாமல் விட்டு, அது நிஜமாக இருந்துவிட்டால், பெண்ணின் கல்லீரல் போய்விடும். நமக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். நான் ஆட்களை வெயிலுக்கு இழுக்க ஆரம்பித்தேன்.

முதலில் என் வீட்டுக்காரர்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

"என்னா, அதுக்குள்ள கெளம்பணுமா? இன்னும் டிபனே போடல."

"கண்ணக் காட்டுங்க."

நடுத்தெருவில், வெயிலில், அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை. போன பிறவியில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறார். எதிர் வீட்டில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். அடுத்து ரம்யாவின் தங்கை; அவள் மேலும் அக்காவுக்கு அப்பியதில் பாதி மஞ்சள் இருந்தது. அவள் கண்ணும் பால் மாதிரி வெள்ளை. நலங்கு மஞ்சள் தோலில் ஒட்டும், புடவையில் ஒட்டும், மாமியார் காது தோட்டில்கூட ஒட்டும். கண்ணின் வெள்ளையில் மட்டும் ஒட்டவே ஒட்டாது.

மணப்பெண்ணை எப்படி வெளியே அழைப்பது? வீடியோக்காரர் காதில், வெயிலில் ஒரு போட்டோ எடுத்தால் நன்றாக இருக்குமே என்று போட்டேன். அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"மேடம் சொல்றது கரெக்டுங்க. நேச்சுரல் லைட்டுதான் மொகத்துக்கு எடுப்பு. பொண்ண பின்னால களத்துக்குக் கூட்டியாங்க."

மில்லுக்குப் பின்னால் நெல் காயும் களத்தில் ரம்யாவை நிறுத்தினோம். அவர் கேமராவைத் துடைப்பதற்குள் நான் அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோல். நிஜமாகவே பயந்துபோனேன்.

"ரம்யா, பசிக்குதாம்மா?"

"சாம்பார் வாசன வந்தாலே வாந்தி வரமாதிரி இருக்குது அத்தை."

"உடம்பு அரிக்குதா?"

"ஜாஸ்தி அரிக்குது. ராத்திரில தூக்கமே இல்ல."

"யூரின்?"

"கடுங்காப்பி கலர்ல போவுது" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

என் தம்பி மனைவி செல்வி பின்னாலேயே வந்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பசியில்லாதது கல்யாணக் கவலை. அரிப்பு, நலங்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளாதது. அந்த நிறம், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் வந்த சூடு. சோர்வு, பத்திரிகை வைக்க அலைந்த அலைச்சல். ஒரு கல்யாண வீடு இருக்கிறதே, அது எந்த நோயையும் ஒளித்துவைத்துவிடும். உறவுக்காரர்கள் மெனக்கெட்டு ஒளித்துவைத்தாலும் இவ்வளவு நன்றாக ஒளிக்க முடியாது.

"செல்வி, இவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"என்னா அண்ணி சொல்றீங்க? நலங்கு வெச்ச பொண்ணு வாசப்படி தாண்டலாமா?"

"காமாலை மாதிரி இருக்குதுடி."

அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரி. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கோயிலுக்குப் போலாம். சிதம்பரம் கோயிலுக்குன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கையில எலுமிச்சம்பழமும் ஒரு இரும்புச் சாவியும் குடுத்துடறேன்" என்றாள்.

அப்படித்தான் கிளம்பினோம். காரில் தம்பி, செல்வி, நான், முகமெல்லாம் மஞ்சளோடு ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் மில்லின் பழைய பூட்டுச் சாவியுமாக ரம்யா. சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் செல்வி, சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று அடம்பிடித்தாள். கீழ வீதியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எல்லாருமாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். பூக்காரம்மா ஒருத்தி ரம்யாவைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணா? நல்லாருடியம்மா" என்று ஒரு முழம் பூவைச் சும்மாவே நீட்டினாள். தம்பி அந்தப் பூவை வாங்கும்போது அழுதுவிட்டான்.

ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர் இளம் பையன். ரம்யாவைப் பார்த்ததும் திகைத்துப்போனார். "மேடம், எல்லாமே மஞ்சளா இருக்குது. ஸ்கின்ன வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதே" என்றார்.

"தோல வுடுங்க தம்பி. கண்ணப் பாருங்க."

ரத்தம் எடுக்க வந்த பெண் ஸ்பிரிட் பஞ்சால் ரம்யாவின் கையைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. இன்னொரு பஞ்சு, அதுவும் மஞ்சள். "உள்ள கை எங்க இருக்குதுன்னே தெரியலியே அக்கா" என்றாள். அந்தப் பயத்திலும் ரம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, செல்வி சிரிக்க, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் நரம்பைத் தேடிப் பிடித்தார்கள்.

ரிசல்ட் வந்தபோது சிரிப்பு நின்றது. கல்லீரல் எண்கள் எல்லாம் இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு ஏறியிருந்தன. டாக்டர் முறைப்படி கேட்டார்.

"என்னா மாத்திரை சாப்புடறீங்க?"

"மாத்திரையே சாப்புடறதில்ல டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. இதை உங்கள் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்வேன். இந்த டப்பாக்களை யாரும் மாத்திரை என்று நினைப்பதில்லை. மருந்து என்றும் நினைப்பதில்லை. சத்து, ஹெல்த்து, டீ மாதிரி என்று நினைக்கிறார்கள். மருந்தைப் பற்றிக் கேட்டால் மருந்தைப் பற்றித்தான் பதில் வரும். ஆகவே நான் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ரம்யா, கல்யாண ஜாக்கெட்டு சரியா இருக்குதா?"

"ரெண்டு தரம் பிடிச்சுட்டாங்க அத்தை" என்றாள் செல்விக்கு முந்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையாக.

"எதத் தின்னு அப்டி எளைச்ச?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கடலூரில் ஒரு கிளப். ஆன்லைனில் சேரலாம், டப்பா கொரியரில் வரும். கொழுப்புக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று. சோர்வாக இருக்கிறது என்று கோச்சிடம் சொன்னதற்கு, உடம்பில் இருக்கிற கழிவு வெளியே போகிறது, கல்லீரல் கேப்சூலை ஒன்றுக்கு இரண்டாகப் போடு என்று பதில் வந்திருக்கிறது. இவளும் போட்டிருக்கிறாள். கோச்சின் பெயர் மாலதி.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இரும்புச் சாவியை வளைத்திருப்பேன். போனைப் போட்டேன். டப்பாவைப் பற்றிக் கேட்டதுமே மாலதி, "எல்லாம் நேச்சுரல் மேடம். நானே தெனமும் போடறேன்" என்று ஆரம்பித்தாள். "ஒங்க டப்பாவத் தின்ன ஒரு பொண்ணு மஞ்சளா ஆஸ்பத்திரில ஒக்காந்திருக்கா" என்றேன். அவள் மெல்ல, "எந்த ஆஸ்பத்திரி மேடம்?" என்றாள்.

டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வேறு ஏதாவது காமாலையா என்று பார்க்கவும் ரத்தம் அனுப்பினார். ரத்தம் உறைகிறதா என்று கவனிக்க வேண்டும், அட்மிட் ஆக வேண்டும் என்றார். தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நாள மறுநா முகூர்த்தம். அத முடிச்சுட்டு வந்து சேத்துடலாமா? ரெண்டு நாள்தான? அதுவரைக்கும் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறோம். எங்க வூட்டுக்குப் பின்னாலயே மொளைச்சுக் கெடக்குது."

"உள்ள போனது என்னான்னே இன்னும் முழுசா தெரியல. அதுக்கு மேல இன்னொண்ண ஊத்தறேங்கற. கல்யாணத்த இன்னொரு தேதில வெச்சுக்கலாம் ராசா. ஈரல வெச்சுக்க முடியாது."

"மாப்ள வீட்டுல என்னா சொல்லுவாங்க? பொண்ணு நோயாளின்னு பேராயிடுமே."

அவன் போனை வாங்கி, மாப்பிள்ளையிடம் நானே பேசினேன். இனிப்புத் தடவாமல், உள்ளதை உள்ளபடி. அவர் "சரிங்க பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

சாயங்காலம் வார்டு வாசலில் ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். பிரகாஷ் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் அன்றுதான் நலங்கு. முகம், கழுத்து, இரண்டு கை எல்லாம் மஞ்சள். அவர் கையிலும் ஒரு எலுமிச்சம்பழம். பின்னாலேயே அவருடைய அம்மா, மூச்சு வாங்க ஓடிவந்தார். அட்டெண்டர் பிரகாஷையும் கட்டிலில் இருந்த ரம்யாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்குமா காமாலை?"

பிரகாஷ் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து ரம்யாவின் கட்டிலில் கவிழ்த்தார். பச்சை மூடி, இலைப் படம். அதே இரண்டு டப்பா.

"கம்பெனில செக்கப் பண்ணப்ப ஃபேட்டி லிவர்னு சொல்லிட்டாங்க" என்றார் தலையைக் குனிந்தபடி. "கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடலாம்னு சேந்தேன். ஒன் கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எந்த குரூப்பு?" என்றாள் ரம்யா.

அதே குரூப்தான். அந்த வாட்ஸாப் குரூப்பில் எல்லாரும் தங்கள் வயிற்றை மட்டும் போட்டோ எடுத்துப் போடுவார்களாம், முகம் இருக்காது. வாரா வாரம் ஒருவர் வயிற்றுக்கு இன்னொருவர் வயிறு கை தட்டும். இவர்கள் இருவரும் மாதக்கணக்கில் ஒருவர் வயிற்றுக்கு ஒருவர் யாரென்று தெரியாமலே கை தட்டியிருக்கிறார்கள். ரம்யா சிரிக்க ஆரம்பித்தவள், டிரிப் ஊசி போட்ட கையைத் தூக்க முடியாமல், மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டூட்டி டாக்டர் கதவுக்கு வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

நான் பிரகாஷையும் வெளிச்சத்துக்கு இழுத்தேன். கண் வெள்ளை. ரத்தமும் எடுத்துப் பார்த்தோம். கல்லீரல் எண்கள் சொல்லும்படி ஏறவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே பெரியம்மா" என்றார், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல.

அப்போதுதான் வடை தின்னும் எங்கள் மருந்தாளுநரின் கேள்வி முழுசாகப் புரிந்தது. ஒரே கம்பெனி, ஒரே டப்பா, ஒரே மாதங்கள். ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொருவருக்கு ஈரலே வெந்துபோயிருக்கிறது. மாலதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று நூறு பேர் வரிசையில் நின்று சொன்னாலும், அது அந்த நூறு பேரைப் பற்றிய சேதிதான். டப்பாவைப் பற்றிய சேதி இல்லை. ஒத்துக்கொள்ளாத அந்த ஒருத்தியைத் தேடிப் பார்ப்பதுதான் நம்முடைய வேலை. அவள் பெரும்பாலும் கிளப்புக்கு வருவதை நிறுத்தியிருப்பாள், அதனால் கை தட்டுகிறவர்கள் கண்ணில் பட மாட்டாள்.

பிரகாஷின் அம்மா டப்பாக்களைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், ரம்யாவைப் பார்த்தார். தம்பி எழுந்து கைகூப்பிக்கொண்டு நின்றான்.

"ஒக்காருங்க அண்ணே" என்றார் அவர். "பொண்ணுக்குக் காமாலைன்னு எவனாச்சும் பேசினா, எம் பையனுக்கும்தான்னு சொல்லுங்க. அவனும் அதே டப்பாவத்தான தின்னுருக்கான். தேதிய மாத்திக்கலாம். பொண்ணு எந்திரிச்சு வரட்டும்."

செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அட்டெண்டர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

கல்யாணம் தள்ளிப்போனது, ஆனால் காய்கறி வந்து இறங்கிவிட்டது, சமையல்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆகவே முகூர்த்த நாளன்று காட்டுமன்னார்கோயிலில் பந்தி மட்டும் நடந்தது. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, வடை பாயசத்தோடு சாப்பாடு மட்டும். வந்தவர்கள் யாரை வாழ்த்துவது என்று தெரியாமல் என் வீட்டுக்காரரை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர் அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறார்.

மற்ற காமாலைகள் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. டப்பாவை நிறுத்தியதும் ரம்யாவின் எண்கள் மெதுவாக இறங்க ஆரம்பித்தன. அரிப்பு போனது. ஒருநாள் போன் செய்து, "அத்தை, சாம்பார் வாசன நல்லாருக்குது" என்றாள். அதைவிட நல்ல லேப் ரிப்போர்ட் நான் பார்த்ததில்லை.

மாலதி அந்த வாரமே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். திட்டித் தீர்ப்பதற்கு நான் நிறைய வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுததில் பாதி வார்த்தை மறந்துபோயிற்று. பிறகு அவளைக் கடலூரில் எங்கள் அறைக்கு வரவழைத்து உட்காரவைத்தோம். நடந்ததை முறைப்படி புகாராக மேலே அனுப்பப்போகிறோம் என்று சொன்னோம். மருந்தாளுநர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது யாருக்கு ஒத்துக்கல?"

"காட்டுமன்னார்கோயில்ல ஒரு பொண்ணுக்கு ஒத்துக்கல சார்" என்றாள் மாலதி. "அப்பறம் குரூப்ப வுட்டுப் போனவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டேன். இன்னும் ரெண்டு பேருக்கு ஒத்துக்கலியாம். அவுங்கள டாக்டரப் பாக்கச் சொல்லிட்டேன்."

மருந்தாளுநர் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இப்போது அவள் ஷேக் மட்டும் கலக்குகிறாள், அதிலும் மோர்தான் அதிகம் என்று கேள்வி.

அடுத்த தையில் கல்யாணம் வைத்தார்கள். நலங்கு அன்று நான் போனபோது பந்தல் துணி வெள்ளையாக இருந்தது. மஞ்சள் கிண்ணத்தை எடுத்த சுமங்கலிகளை, வந்திருந்த பிரகாஷின் அம்மா தடுத்து நிறுத்தினார். "மொதல்ல பொண்ண வெயில்ல நிறுத்துங்க. அக்கா, நீங்க கண்ணப் பாருங்க" என்றார். களத்தில், எல்லாரும் சூழ்ந்து நிற்க, ரம்யா தானே இமையை இழுத்துக் காட்டினாள். வெள்ளை. யாரோ ஒரு அம்மா குலவையிட்டார். பிறகுதான் மஞ்சள் வைத்தோம். ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்திருந்தார்கள், கொஞ்சம் பெரிதாக.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வருடம் கம்மாபுரத்தில் ஒரு கல்யாணம், பிரகாஷின் வழியில் ஏதோ தூரத்து உறவு. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. நலங்கு ஆரம்பிக்கும் முன்னால் பெண்ணை வாசலுக்கு அழைத்துப் போய், சூரியனைப் பார்த்து நிறுத்தி, ஒரு வயதான அம்மா அவள் இரண்டு இமையையும் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே போட்டார். நான் திகைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் இது என்னவென்று கேட்டேன்.

"நீங்க வெளியூரா? இது கண்ணு பாக்கறது. நலங்குக்கு முன்னால செய்யணும். எங்க பக்கத்துல தாத்தா காலத்துலேருந்து இருக்கற சடங்கு."

"எதுக்குங்க?"

"திருஷ்டிதான். வேற எதுக்கு?"

வாய் துறுதுறுத்தது. மூடிக்கொண்டேன். வெயிலில் கண்ணைப் பார்க்கிறார்கள், அது போதும் எனக்கு. காரணத்தை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

அதற்குள் அந்த அம்மா அடுத்தடுத்து மணப்பெண்ணின் தோழிகள் கண்ணையும் பார்த்து முடித்துவிட்டு, கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்ற என் எதிரில் வந்து நின்றார்.

"நீயும் காட்டும்மா. மொகம் ஏதோ ஒரு மாதிரியா இருக்குதே."

நான் வெயிலைப் பார்த்துத் திரும்பி, இமையை இழுத்துக் காட்டினேன்.